2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, கழக அன்பர்களே, வணக்கம்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்காக நடந்துவரும் நம் காற்பந்துக் கழகத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

பொங்கல் விளையாட்டு விழா நடந்தது. திடலில் கூட்டுப்பணி நடந்தது. புல் வெட்டி, கோல் கம்பங்களுக்குச் சாயம் பூசினோம். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நடுவர்களை அனுப்பினோம். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்துக்குப் போகவேண்டிய விவரங்கள் போய்விட்டன. தீபாவளிக் கிண்ணப் போட்டியில் அரையிறுதியில் தோற்றோம்.

அந்தத் தோல்வியைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசிவிட்டதால், நடந்ததை இங்கே எழுதிவைக்க வேண்டியது என் கடமை. போட்டிக்காக ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி வெளியூர் தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவருக்கு முன்பணமாகப் போனது. அப்படிக் கொடுக்கவேண்டாம், ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்துக் கொடுப்போம் என்று நான் சொன்னது செயலவைக் குறிப்பில் இருக்கிறது. காலிறுதி முடிந்ததும் அவர் வேறொரு குழுவுக்கு ஆடப் போய்விட்டார். அதே அரையிறுதி நாளில் நம் கோல்கீப்பருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். இரண்டாவது கோல்கீப்பர் இருந்தாரே என்று கேட்கலாம். இருந்தார், ஆனால் அவருக்கும் அதே தொழிற்சாலை, அதே ஷிஃப்ட். கடைசியில் நடுத்திடலில் ஆடும் பையன் ஒருவன் கோலில் நின்றான். தோற்றதற்கு அவனைக் குறை சொல்வது நியாயமே இல்லை. அடுத்தவருடைய கையுறையைப் போட்டுக்கொண்டு கடைசிவரை நின்றான். அவனுக்கு இந்தக் கூட்டம் கைதட்ட வேண்டும்.

நம் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் இப்போது சிட்னியின் மேற்குப் பகுதியில் குடும்பத்தோடு இருக்கிறார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அண்ணே, இங்கே ரக்பி லீக் கழகங்கள் குழு சேர்ப்பதைப் பாருங்கள்" என்று சொன்னார். நம் நாட்டில் ரக்பி என்றால் பதினைந்து பேர், பத்துப் பேர், ஏழு பேர் ஆட்டங்கள்தான் தெரியும். லீக் வேறு விளையாட்டு. திடலில் 13 பேர். ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் எனும் தேசிய ரக்பி லீக் போட்டியில் ஒவ்வொரு கழகமும் 30 பேர் கொண்ட முதன்மைப் பட்டியல் வைத்திருக்கிறது. ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு எல்லாக் கழகத்துக்கும் ஒரே உச்சவரம்பு. ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைக்கத்தான் வேண்டும். பணம் குறைவாக உள்ள நமக்கும் அதே கணக்குத்தான். அதனால் தேடிப் படித்தேன்.

2008இல் கேன்டர்பரி புல்டாக்ஸ் கழகத்தின் பெரிய நட்சத்திரம் சோனி பில் வில்லியம்ஸ், ஒப்பந்தம் பல ஆண்டுகள் மீதமிருக்க, பருவத்தின் நடுவிலேயே பிரான்சுக்குப் போய்விட்டார். அந்த ஆண்டு அந்தக் கழகம் கடைசி இடத்தில் முடித்தது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், வாய்ப்பேச்சில் முன்பணம் கொடுத்த நாம் எந்த நம்பிக்கையில் கொடுத்தோம்?

மெல்பர்ன் ஸ்டார்ம் கழகத்தின் கதை வேறு மாதிரி. சம்பள உச்சவரம்பை மறைத்து மீறியது 2010இல் வெளியானதும், 2007, 2009 பட்டங்கள் பறிக்கப்பட்டன. அடுத்து ஆட்களை விட்டுத்தான் ஆகவேண்டும். கிரெக் இங்லிஸ் போன்றவரே போனார். ஆனால் கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கூப்பர் குரோங்க் மூவரையும் விடவில்லை. மூவருமே அந்தக் கழகத்தில் முதல் ஆட்டம் ஆடி வளர்ந்தவர்கள். மூவருமே ஆட்டத்தை நடத்தும் இடங்களில் நிற்பவர்கள். மற்ற இடங்களைக் குறைந்த செலவில் நிரப்பி 2012இல் மீண்டும் பட்டம் வென்றார்கள். ஆக, யாருக்குக் கொடுக்கிறோம் என்பதோடு எந்த இடத்துக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம்.

சிட்னியின் மேற்கில் உள்ள பென்ரித் கழகம் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டம் வென்றது. ஒவ்வொரு பட்டத்துக்குப் பிறகும் நல்ல ஆட்டக்காரர்களை மற்றக் கழகங்கள் இழுத்துக்கொண்டன. 2024இல் அவர்களின் முக்கிய ஆட்டக்காரர் நேத்தன் கிளியரி காயத்தால் பல ஆட்டங்கள் வெளியே இருந்தார். அப்படியும் வென்றார்கள் என்றால், அந்த வட்டாரத்துப் பையன்களைச் சின்ன வயதிலிருந்தே வளர்த்து, அடுத்தவனைத் தயாராக வைத்திருந்ததுதான் பெரிய காரணம். மறுபக்கம், இங்கிலாந்தின் ரக்பி லீக் கழகமான பிராட்ஃபோர்ட் புல்ஸ் 2005இல் அங்குள்ள சூப்பர் லீக் சாம்பியன். 2017 ஜனவரியில் கடனில் கலைக்கப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன், 2018இல் மலேசியக் கிண்ணம் வென்ற நம் பேராக் காற்பந்துக் குழு 2025இல் மலேசிய சூப்பர் லீக்கிலிருந்து விலகியதைப் பார்த்துவிட்டுத்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

இதையெல்லாம் வைத்து ஒரு பதிவேடு தயாரித்திருக்கிறேன். பொருளாளர் மேசையில் இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பெயர். பெயருக்கு எதிரே வேலை இடம், ஷிஃப்ட், வயது, எஸ்பிஎம் எனும் ஐந்தாம் படிவத் தேர்வு எழுதும் ஆண்டு. ஒரே இடத்துக்கு எழுதிய இருவரும் ஒரே ஷிஃப்டில் இருக்கக்கூடாது. கோல்கீப்பருக்கு மட்டும் மூன்று பெயர். முதல் குழுவில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை மட்டும் நிரப்பவும் நான் சொல்லவில்லை. எஸ்பிஎம் முடிந்ததும் பாதிப் பேர் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஒரே வயதில் பத்துப் பேர் இருந்தால் ஒரே ஆண்டில் பத்து இடம் காலியாகும். குடும்பம், வேலை என்று இங்கேயே நிலைத்துவிட்ட முப்பது வயதுக்காரர் நான்கைந்து பேர் நடுவில் இருக்கவேண்டும். வெளியூர் ஆட்டக்காரர் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒருவர் வரட்டும், ஆட்டம் முடிந்த பிறகு பணம் வாங்கட்டும், வாரம் ஒருநாள் நம் பையன்களோடு பயிற்சியும் செய்யட்டும்.

இன்னொன்று காப்புறுதி. பால்மரம் வெட்டும் கை, செம்பனைக் குலை தூக்கும் தோள் இரண்டையும் நம்பித்தான் நம் பையன்கள் பலருடைய வீட்டில் அடுப்பு எரிகிறது. திடலில் எலும்பு முறிந்தால் சம்பளம் யார் கொடுப்பது? அந்த முன்பணத்தை விபத்துக் காப்புறுதிக்குக் கட்டியிருந்தால் குழு முழுவதையும் சேர்த்திருக்கலாம். ஒரு தாயார் என்னிடம், "சார், பையன் ஆடட்டும், ஆனா அடிபட்டா கழகம் வந்து பாக்குமா?" என்று கேட்டார். பார்ப்போம் என்று சொன்னேன். அந்தச் சொல்லைக் காப்பாற்ற எனக்குக் கழகத்தின் பணம் வேண்டும்.

பணம் என்றதும் கணக்குக்கு வருகிறேன். வரவு, செலவு இரண்டும் ஏறக்குறைய சமமாக நிற்கின்றன. சிறிய தொகை கையிருப்பில் உள்ளது. விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், தணிக்கையாளர்கள் பார்த்துவிட்டார்கள்.

சந்தா நிலுவையைச் சொல்லாமல் விடமுடியாது. கழக உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சிலர் சென்ற ஆண்டுடையதும் கட்டவில்லை. பெயர் வாசிக்கவில்லை, அவரவருக்குத் தெரியும். "ரெண்டு பெரிய ஆட்டக்காரனக் கொண்டாங்க, கிண்ணம் தானா வரும்" என்று தேநீர்க்கடையில் பேசுகிறவர்களில் பலர் பயிற்சி நாளில் திடல் பக்கமே வருவதில்லை. செயலவைக் கூட்டங்கள் போதிய ஆளில்லாமல் தள்ளிப்போனதும் உண்டு. முன்பணம் கொடுக்க முடிவான கூட்டத்துக்கு இன்னும் இரண்டு செயலவை உறுப்பினர்கள் வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், வேன் கொடுத்து உதவிய அன்பருக்கும், கோயில் நிர்வாகத்தினருக்கும், தண்ணீரும் பழமும் ஏற்பாடு செய்த சகோதரிகளுக்கும் கழகத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பதிவேட்டின்படியே குழு சேர்க்க இக்கூட்டம் தீர்மானம் போட்டுத் தந்தால், செயலாளர் பொறுப்பை மீண்டும் ஏற்கத் தயாராக இருக்கிறேன். வேறு வழி என்று கூட்டம் நினைத்தால், பதிவேட்டை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். எதுவானாலும் தைப்பூசத்துக்கு முன் காப்புறுதிக்கும் மூன்றாவது கோல்கீப்பரின் கையுறைக்கும் பணம் கட்டவேண்டும். நிலுவைச் சந்தாவைப் பொருளாளர் இன்றே இங்கே வாங்கிக்கொள்வார். ரசீதுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்