ஒட்டிக்கொள்வதெல்லாம் மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு சில நாட்களிலேயே புது மருந்தைக் கண்டுபிடித்துவிடும் என்ற தொனியில் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோய்க்குக் காரணமான புரதத்தில் கச்சிதமாகப் பொருந்தும் மூலக்கூறைக் கணினி தேடித் தருகிறது, சரி. கட்டுரை அதோடு முடிந்துவிட்டது. மருந்தை வடிவமைப்பவருக்கோ அங்கேதான் வேலையே ஆரம்பம்.

வயிற்றுப் புண்ணுக்கான சிமெட்டிடினை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றின் அமிலச் சுரப்பை உடலிலேயே உண்டாகும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் தூண்டுகிறது என்று தெரிந்திருந்தும், ஹிஸ்டமினைத் தடுக்கும் அன்றைய ஒவ்வாமை மாத்திரைகள் அந்தச் சுரப்பைத் தொடவே இல்லை. அப்படியானால் வயிற்றில் இருப்பது வேறு வகை ஏற்பியாக (ஹிஸ்டமின் வந்து ஒட்டிக்கொள்ளும் புரதமாக) இருக்கவேண்டும் என்று ஊகித்தார் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக். 1964-இல் அவர் குழு ஹிஸ்டமின் மூலக்கூறையே எடுத்து, அங்கங்கே மாற்றிப் பார்க்கத் தொடங்கியது. (அந்த ஏற்பியின் வடிவம் அப்போது யாருக்கும் தெரியாது!) பல ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பியூரிமமைடு ஏற்பியைத் தடுத்தது; ஆனால் விழுங்கினால் போதிய அளவு ரத்தத்தில் சேரவில்லை. அடுத்து வந்த மெட்டியமைடு மாத்திரையாகவே வேலை செய்தது. அப்புறம் பார்த்தால், சில நோயாளிகளுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதிலிருந்த, கந்தகம் கொண்ட தயோயூரியா பகுதிமேல் சந்தேகம் விழுந்தது. அந்தப் பகுதியை மாற்றிய பிறகே 1976-இல் சிமெட்டிடின் விற்பனைக்கு வந்தது. அதுவும் மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தடுத்து, வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுப்பது) போன்ற வேறு மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பது பிறகு தெரியவந்தது.

ஏற்பியில் பொருந்துவதோடு விஷயம் முடிந்திருந்தால் பியூரிமமைடே போதுமாக இருந்திருக்கும். மற்றதெல்லாம் குடலும் கல்லீரலும் ரத்தமும் வைத்த சோதனைகள்.

டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்தின் கதை இன்னும் விசித்திரம். அதைக் கல்லீரல் உடனுக்குடன் வேறொரு பொருளாக மாற்றிவிடும். பலன் தந்தது பெரும்பாலும் அந்தப் பொருள்தான். சில பூஞ்சைக்கொல்லி மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு அந்த மாற்றம் தடைபட்டது. மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைத்தது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1990-களில் பல நாடுகளில் அது விலக்கப்பட்டது. கல்லீரல் உண்டாக்கிய அந்தப் பொருளே ஃபெக்ஸோஃபெனடின் என்ற பெயரில் தனி மருந்தாக இன்றும் விற்கிறது.

கணினி இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லக்கூடாதா என்றால், சொல்லலாம். ஆனால் அதற்குத் தோற்றுப்போன மூலக்கூறுகளின் விவரங்களையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவற்றில் பெரும்பகுதி நிறுவனங்களின் கோப்புகளைவிட்டு வெளியே வருவதில்லை. அதைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தியல் கற்பிக்கும் ஒரு வாசகர்