கடல் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கடலோரத்தில் மீன்பாடு குறைவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இழுவலை, எல்லைப் பிரச்சினை எல்லாம் விரிவாக இருந்தன. அவை உண்மைதான். ஆனால் கடல் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாட்டுப்படகுக் குடும்பத்துப் பெண்ணான எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

எங்களுக்கு வாய்த்தது இரண்டு கடல். வடக்கே பாக் ஜலசந்தி. ஆழமே கிடையாது, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். தெற்கே மன்னார் வளைகுடா. தீவுகளைத் தாண்டினால் ஆழம். வாடைக்காற்று காலத்தில் வங்கக்கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் பாம்பன் வழியாகத் தெற்கே இறங்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசினால் ஓட்டம் திரும்பிவிடும். தண்ணீர் மாறும்போது அதிலுள்ள நுண்பாசியும் மாறும். அதைத் தின்னும் சூடை, சாளை மீன்கள் வேறு பக்கம் போகும். அவற்றைத் துரத்தும் சீலாவும் பாரையும் கூடவே போய்விடும். வலையில் மட்டும் காரணத்தைத் தேடினால் இது பிடிபடாது.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் பூங்கோரை என்னும் நுண்பாசி வந்து கடல் பச்சையாகிப் போனது நினைவிருக்கும். பூங்கோரை பெருகிச் சாகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. பாறை மீன்கள் செத்து ஒதுங்கின. ஒன்றை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் குழம்பு அப்பியிருந்தது. அதற்கு முன்பே, 2010-லும் 2016-லும் கோடை வெப்பம் தாங்காமல் பவளப்பாறைகள் வெளுத்தன. பாறை போனால் கலவா மீன் எங்கே ஒண்டும்?

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பாசியின் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. நல்ல சேவை. ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு டீசல் மிச்சம். ஆனால் மேகம் மூடினால் படம் தெரியாது. பாக் ஜலசந்தியில் காற்று அடித்தால் அடிச்சேறு கலங்கிவிடும். அந்தக் கலங்கலையும் பாசியையும் மேலிருந்து பிரித்தறிவது கடினம். கரையோரம் வலை விடும் வள்ளத்துக்கு அதனால் பயன் குறைவு.

எனவே தண்ணீரில் இறங்கித்தான் அளக்க வேண்டும். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று இறங்குதளம்தோறும் தினமும் வெப்பம், உப்பு, ஆக்சிஜன் மூன்றையும் பார்த்தால் போதும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவர்களைவிடத் தகுந்தவர்கள் யார்? அளந்ததைப் பாம்பன் ‘கடல் ஓசை’ வானொலியில் அன்றன்றே சொல்லலாம். ஆக்சிஜன் இறங்குவது முதல்நாளே தெரிந்தால், வீணாக டீசலும் ஐஸும் போட்டுக் கிளம்ப மாட்டோம்.

இதை மீன்வளத் துறையிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன்.