தொழிற்சங்க ஆதரவின் எடை எவ்வளவு?

ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வுச் செய்திகளில், எந்தத் தொழிற்சங்கம் யாரை ஆதரிக்கிறது என்ற அறிவிப்பே தலைப்பாகிறது. அறிவிப்பு அப்படியே வாக்காகிவிடுவதில்லை. 2004இல் அயோவா மாநிலத்தில், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில் போட்டியிட்ட கெப்ஹார்ட்டின் பின்னால் எஃகு, லாரித் தொழிலாளர் சங்கங்கள் நின்றன. அவருடைய போட்டியாளர் ஹோவர்ட் டீனுக்கு அரசு ஊழியர் சங்கமும் சேவைப் பணியாளர் சங்கமும் இருந்தன. டீன் மூன்றாமிடம், கெப்ஹார்ட் நான்காமிடம். தீயணைப்பு வீரர் சங்கம் ஆதரித்த ஜான் கெர்ரி வென்றார்.

அயோவாவின் காக்கஸ் முறையில், அதாவது கட்சியினர் கூடி வேட்பாளரைத் தேர்வுசெய்யும் கூட்டத்தில், அப்போது மாலை நேரத்தில் நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது. ஷிப்டில் இருந்தவரால் முடியவில்லை. இதற்காகவே 2008இல் நெவாடாவில், லாஸ் வேகாஸ் ஹோட்டல்களுக்குள்ளேயே காக்கஸ் மையங்கள் வைத்தார்கள். அங்குள்ள சமையல், ஹோட்டல் ஊழியர் சங்கம் ஒபாமாவை ஆதரித்தது. அந்த மையங்களில் பெரும்பாலானவற்றில் ஹிலாரியே முந்தினார். 2020இல் அதே சங்கம் யாரையும் ஆதரிக்கவில்லை. போராடிப் பெற்ற தங்கள் மருத்துவக் காப்பீடு போய்விடும் என்று வேட்பாளர் சாண்டர்ஸின் ‘அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு’ திட்டத்தை மட்டும் எதிர்த்தது. உறுப்பினர் பலர் அவருக்கே வாக்களித்தார்கள். மாநிலமும் அவர் பக்கம் போனது.

பணத்திலும் வரம்பு உண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்க நிதியிலிருந்து வேட்பாளருக்கு நேரடியாகத் தர முடியாது. உறுப்பினர் விரும்பித் தரும் தனிநிதிக் குழு மூலமே தரலாம். ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரைதான்.

சங்கத் தலைமையின் நிலைப்பாடும் உறுப்பினரின் வாக்கும் வேறாகலாம். ஆகவே, ஆதரவை முடிவுசெய்தது உறுப்பினர் வாக்கெடுப்பா, நிர்வாகக் குழுவா என்பதையும் தங்கள் நாளிதழ் சேர்த்து எழுத வேண்டும்.

– வாசகர், திருச்சி