பங்கேற்பாளர் 17 எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் கொதித்து எழுதியிருந்தார். சமூகப்பணி படிக்கிறேன் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அடிபட்ட பெண்களின் கதையைக் கேட்கிறார்கள், டாக்டர் பட்டம் வாங்கியதும் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று. அவர் கோபம் நியாயம்தான். ஆனால் கோபப்பட வேண்டிய இடம் வேறு. அப்படி ஓர் ஆய்வேட்டில் நான் பங்கேற்பாளர் 17 என்பதால் எழுதுகிறேன்.

சிற்றூர் ஒன்றில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருடம் அடி வாங்கிக் குடும்பம் நடத்திவிட்டு, 2015இல் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவள். 2019இல் அந்த ஆய்வேட்டை எழுதிய பிள்ளை கடைக்கு வந்தது. (என் தங்கை வயது, பிள்ளை என்றே எழுதிவிடுகிறேன்.) முதல் நாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு ஜாக்கெட் துணி கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த முறை ஒரு தாளை வாசித்துக் காட்டியது: பெயர் வராது, பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாம் முறைதான் பேச்சு தொடங்கியது. பாதியில், பக்கத்து மெடிக்கல் கடைக்கு வந்த என் கொழுந்தனார் எட்டிப் பார்த்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்தப் பிள்ளை குரலே மாறாமல், "கொக்கிப் பட்டிக்குத் தனியாத் துணி வெட்டணுமா அக்கா?" என்று கேட்டது. நானும் பட்டியைப் பற்றியே பேசினேன். அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

உனக்குத்தான் என்ன சாமர்த்தியம் என்றேன். சாமர்த்தியம் எல்லாம் இல்லை அக்கா, பாடத்தில் இருக்கிறது என்றது. இத்தகைய ஆய்வுகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2001இலேயே நெறிமுறை வெளியிட்டிருக்கிறதாம். பெண் தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும், யாராவது வந்தால் பேச்சை மாற்ற வேண்டும். அரசின் தேசியக் குடும்ப நல ஆய்விலும் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் இந்தக் கேள்விகளைக் கேட்பார்களாம்.

கேள்வித்தாளில் 'உங்கள் துணைவர்' என்று இருந்தது. எங்கள் ஊரில் யார் துணைவர் என்கிறார்கள்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை அடித்துவிட்டு 'வீட்டுக்காரர்' என்று எழுதிக்கொண்டது. அறைந்தாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லி முடித்தபோது, "இதுல இல்லாதது ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்டது.

இருந்தது. பாபின் கேஸ். அவர் வெளியே கிளம்பும்போது என் மிஷினிலிருந்து பாபின் கேஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். அடிநூல் உருளையைப் பிடித்திருக்கும், ஒரு நாணயம் அளவுச் சாமான். அது இல்லாவிட்டால் மிஷின் வெறும் இரும்பு. தீபாவளிக்கு முதல் வாரம் நாற்பது ஜாக்கெட்டை வெட்டி அடுக்கிவைத்துவிட்டு, அவர் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அவருக்குத் தெரியாமல் இன்னொன்று வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தேன். அதைக் கண்டுபிடித்த அன்று விழுந்த அடிதான் இன்றும் இடது தோளில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் இதற்குப் பொருளாதார வன்முறை என்று பெயர் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஏனென்றால் அதற்கு முன் யாரும் சொல்லவில்லை. 2012இல் முகம் வீங்கிப்போய் ஒரு மகளிர் காவல் நிலையத்தில் நின்றேன். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, அனுசரித்துப் போம்மா என்று எழுதி வாங்கி அனுப்பினார்கள். அந்தச் சட்டப்படி பெண்ணுக்கு உதவப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பது தெரியவே இன்னும் மூன்று வருடம் ஆனது. மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். என் மனுவுக்கு 31 வாய்தா, இரண்டு வருடம் நான்கு மாதம். போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: இத்தனை நாள் ஏன் பொறுத்துக்கொண்டிருந்தாய்? அந்தப் பிள்ளைதான், வெளியே வர எப்படித் திட்டம் போட்டீர்கள் என்று கேட்டது. சேலைக்கு ஃபால்ஸ் தைத்த காசை மகளின் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் சேர்த்த கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். எல்லோரும் குட்டைக் கை வைக்கும் காலத்தில், "கையை முழங்கை வரை இறக்கிடுங்க அக்கா" என்று சிலர் கேட்பார்கள். வயதானவர்கள் கேட்டால் சரி. இருபத்தைந்து வயதுப் பெண், டேப் மேல்கையில் பட்டதும் முகம் சுளித்தால் எனக்குப் புரிந்துவிடும். 2019–21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். என் அளவு நோட்டைப் புரட்டினால் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

ஆய்வேடு 2023இல் முடிந்தது. ஆய்வேடுகளை ஏற்றிவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் மகள் தேடி எடுத்தாள். முந்நூறு பக்கத்துக்கு மேல், முழுக்க ஆங்கிலம். பாபின் கேஸ் இருந்தது, முழங்கைக் கையும் இருந்தது. நான் தமிழில் சொன்னதை மகள் ஆங்கிலத்தில் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். கடைசி அத்தியாயத்தில் ஒரு பரிந்துரை: சமாதானம் பேசுவதற்கு முன் பாதுகாப்பு அலுவலரைப் பற்றிப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் என்னை பெஞ்சில் உட்காரவைத்த ஏட்டம்மா இந்த அத்தியாயத்தை எங்கே படிக்கப் போகிறார்?

என் கோபம் இங்கேதான். பல்கலைக்கழகங்கள் ஒரு விதி போடட்டும். எங்களைப் பற்றிய ஆய்வேட்டோடு தமிழில் பத்துப் பக்கச் சுருக்கமும் தந்தால்தான் பட்டம். அது மகளிர் காவல் நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் போகட்டும், பேசிய பெண்களுக்கும் ஆளுக்கொன்று வரட்டும். அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னேன். இப்போது கல்லூரியில் வேலை பார்க்கிறது. விதி வராவிட்டாலும் நானே எழுதித் தருகிறேன் அக்கா என்றிருக்கிறது.

வந்ததும் ஒரு பிரதியைக் கடையில் தொங்கவிடுவேன். வாசலில் இல்லை, அளவு எடுக்கும் திரைக்கு உள்பக்கம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மேலே பெரிதாக எழுதி.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தூத்துக்குடி மாவட்டம்.