டியூப்லைட் போட்டிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்

அன்புள்ள தம்பி,

நவம்பரில் நடக்கவிருக்கும் அந்த டியூப்லைட் மல்யுத்தப் போட்டியைப் பற்றி நீ தொலைபேசியில் சொன்னபோது நான் அதிகம் பேசவில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பேன். நான் அழுதால் நீ சமாதானம் சொல்லத் தொடங்கியிருப்பாய். சொல்ல வேண்டியது அப்படியே நின்றுபோயிருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மல்யுத்தம் பழகுவதை விட்டுவிடு என்று இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதப் போவதில்லை. வாரம் முழுக்க அலுவலகத்தில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை விடிந்ததும் பயிற்சிக்கூடத்துக்கு ஓடுகிறாயே, அந்த உற்சாகம் எனக்குப் பிடித்திருக்கிறது. "எல்லாம் நாடகம்தானே" என்று உன் சித்தப்பா சொல்வதையும் நான் ஏற்பதில்லை. யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தாலும் கீழே விழுவது நிஜமான உடம்பு. முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவளுக்கு அது தெரியாதா? எனக்குள்ள பயமெல்லாம் நாற்காலியும் முள்கம்பியும் டியூப்லைட்டும் வைத்து அடித்துக்கொள்ளும் ஹார்ட்கோர் போட்டியைப் பற்றியது மட்டும்தான்.

"மிக் ஃபோலி எப்படி மேலே வந்தார் என்று பாருங்கள் அம்மா" என்று சொன்னாய். பார்த்தேன். பழைய போட்டிகளைப் பார்த்தேன், அவர் பேசியதையும் எழுதியதையும் தேடிப் படித்தேன். முகத்தில் தோல் கவசம் மாட்டிக்கொண்டு, மேன்கைண்ட் என்ற பெயரில் நம் வீட்டுத் தொலைக்காட்சி மல்யுத்தத்தில் வந்த அதே மனிதர். உன் டிரம்ப் கார்டு கட்டில் இருந்தவர். அவரை இப்போது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிடித்துப்போனதால்தான் இவ்வளவு எழுதத் தோன்றுகிறது.

1983 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தில் கோர்ட்லண்ட் என்ற ஊரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன் ஃபோலி, போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்குப் போயிருக்கிறான். ஜிம்மி ஸ்னூகா என்ற மல்லர் இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து டான் முராக்கோ மேல் பாய்ந்ததை அன்று நேரில் பார்த்தான். அதன்பின் அவனுக்கு வேறு எந்த வேலையும் பெரிதாகத் தோன்றவில்லை. பயிற்சிக்குப் போன இடம் உனக்குப் பக்கம்தான்: பிட்ஸ்பர்கிலிருந்து ஓஹியோ ஆற்றோரமாகப் போனால் வரும் ஃப்ரீடம் என்ற சிற்றூர். டொமினிக் டெனூச்சி என்ற இத்தாலியக்காரர் அங்கே சொல்லிக்கொடுத்தார். ஃபோலி வார இறுதிகளில் கோர்ட்லண்டிலிருந்து பல நூறு மைல் ஓட்டிக்கொண்டு வந்து, இரவில் காரிலேயே படுத்துத் தூங்கிப் பழகினார். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுந்து, அடியைப் பரவவிட்டுத் தலையைக் காப்பாற்றுவது எப்படி என்று நீ எனக்கு விளக்கினாயே, அவரும் முதலில் கற்றது அதைத்தான். அந்த வித்தையின் முழு நோக்கமும் தலையைக் காப்பதுதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

1986இல் களம் இறங்கினார். கேக்டஸ் ஜாக் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1994 மார்ச்சில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேடர் என்ற மலை போன்ற மனிதரோடு மோதியபோது, ரிங்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த கயிறுகளுக்கு நடுவே அவர் தலை சிக்கிக்கொண்டது. வெளியே இழுத்ததில் வலது காதின் பெரும்பகுதி போய்விட்டது. அதன் பிறகும் போட்டியைத் தொடர்ந்திருக்கிறார். இதைப் படித்தபோது என் கைதான் தன்னையறியாமல் என் காதுக்குப் போனது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் கவாசாகி மைதானத்தில் ஒரே நாளில் மூன்று போட்டிகள். முள்கம்பி, ஆணிப் பலகை, கடைசியில் டெர்ரி ஃபங்க் என்ற மல்லரோடு வெடிபொருள் வைத்த பலகைகள். ஃபோலிதான் ஜெயித்தார். கையில் தீக்காயத்தோடு ஊர் திரும்பினார்.

இனி நான் சொல்லப்போவதை நிதானமாகப் படி.

1995இல் அவர் ஃபிலடெல்ஃபியாவின் ஈசிடபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனத்தில் இருந்தார். ஹார்ட்கோருக்குப் பெயர்போன இடம். ரத்தம் பார்க்காமல் வீட்டுக்குப் போகாத கூட்டம். சாண்ட்மேன் என்பவர் அங்கே பிரம்பால் அடிப்பது பிரபலம். ஒரு நாள் ரசிகர் ஒருவர் அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்: "டூயியைப் பிரம்பால் அடி." டூயி ஃபோலியின் மகன். அப்போது அவனுக்கு மூன்று வயது. நீ பிறந்த அதே 1992இல் பிறந்தவன்.

அந்த அட்டையைப் பற்றி ஃபோலி கேமரா முன் பேசியதைப் போட்டுப் பார். பேச்சு கதைக்காகத்தான், ஆனால் அந்தக் கோபத்தை யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது. இத்தனை நாள் யாருக்காக உடம்பைக் கிழித்துக்கொண்டோமோ அவர்களுக்கு அது போதவில்லை, இப்போது என் பிள்ளையைக் கேட்கிறார்கள் என்று ஒரு தகப்பனுக்குப் புரிந்த நேரம் அது. அதன்பின் கொஞ்ச காலம் அந்த மேடையிலேயே ஹார்ட்கோர் செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்து, சாதாரணப் பிடிகளை மட்டும் போட்டு, கூட்டத்தை வெறுப்பேற்றினார். அட்டை பிடித்தவரை ராட்சசர் என்று நான் நினைக்கவில்லை. நல்ல மனிதராகவே இருக்கலாம். கூட்டத்தில் இருக்கும்போது யாருக்கும் போதும் என்று தோன்றாது. ஆணிப் பலகையைப் பார்த்தவருக்கு அடுத்த முறை வெறும் ஆணி சலிக்கும். உன் நவம்பர் போட்டியில் டியூப்லைட் என்றால், அதற்கடுத்த போட்டிக்கு உன்னிடம் என்ன கேட்பார்கள் என்பதை நீ யோசித்தாயா?

1998 ஜூன் 28 அன்று உன் ஊர் பிட்ஸ்பர்கில், சிவிக் அரீனா அரங்கில் ஒரு போட்டி நடந்தது. அந்த அரங்கை இடித்துவிட்டார்கள் என்று நீதான் சொன்னாய். 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து அண்டர்டேக்கர் என்ற மல்லர் அவரைத் தூக்கி எறிய, கீழே ஸ்பானிஷ் வர்ணனையாளர்களின் மேசை நொறுங்கியது. அது பேசி வைத்த விழுகை. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது இறங்கி, மறுபடி கூண்டின் மேல் ஏறினார். அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. கூரைக் கம்பிவலை பெயர்ந்து, அவர் நேராக உள்ளே ரிங்கில் விழுந்தார். கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் பட்டுப் பல் போயிற்று. சற்று நேரம் நினைவே இல்லை. அவர் எழுந்திருக்க அவகாசம் கொடுப்பதற்காக டெர்ரி ஃபங்க் உள்ளே ஓடிவந்து தானும் அடி வாங்கினார். பிறகு நோட்டீஸ் போர்டில் குத்தும் பின்களைத் தரையில் கொட்டி, அவற்றின் மேலும் விழுந்துதான் போட்டி முடிந்தது.

பார்க்கிறவர்கள் அந்த விழுகையைச் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வராமல் செய்தது வேறு. போட்டி முடிந்து உள்ளே போனதும் ஃபோலி அண்டர்டேக்கரிடம், நான் பின்களைப் பயன்படுத்தினேனா என்று கேட்டிருக்கிறார். கையெல்லாம் பின்கள் குத்தி நிற்கின்றன. குத்தியது நினைவில் இல்லை. தலைக்காய வார்டில் தினமும் என் காதில் விழுந்த மாதிரிக் கேள்வி இது. பைக்கிலிருந்து விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து, காபி குடித்து, சிரித்துப் பேசுவான். "என் பைக் எங்கே?" என்பான். பதில் சொல்வோம். ஐந்து நிமிடத்தில் அதே கேள்வி. சொந்தக்காரர்கள் "நன்றாகத்தானே பேசுகிறான்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்படுவார்கள். எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு ஒட்டவைத்துவிடலாம். அடிபட்ட மூளைக்கு ஓய்வைத் தவிர நாம் கொடுக்க ஒன்றும் இல்லை. அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் படுக்கையருகே நின்று பார்த்திருக்கிறேன்.

அன்று ஃபோலி இருந்த டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மக்மஹோனே அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, இதுபோல் இன்னொரு முறை பார்க்க எனக்கு விருப்பமில்லை என்றாராம்.

ஏழு மாதம்தான் ஆயிற்று. 1999 ஜனவரி 24, கலிஃபோர்னியாவின் அனஹைம். "தோற்றேன்" என்று வாயால் சொல்லும்வரை நடக்கும் போட்டி, எதிரே ராக் என்ற மல்லர். ஃபோலியின் கைகளைப் பின்னால் விலங்கிட்டுவிட்டார்கள். தம்பி, நாற்காலி தலைக்கு வரும்போது கையைத் தூக்கித் தாங்குவதுதானே நீங்கள் பழகும் தற்காப்பு? அந்தக் கை இல்லை. நாற்காலியால் ஐந்து அடி என்றுதான் பேசி வைத்திருந்தார்கள், பதினொன்று விழுந்தது. முன்வரிசையில் அவர் மனைவியும், ஏழு வயது நிரம்பாத டூயியும், ஐந்து வயது மகள் நோயலும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். தாய் அவர்களை வெளியே கொண்டுபோனாள். ஓர் ஆவணப்படக் குழு அதைப் படம்பிடித்தது. பிறகு அந்தக் காட்சியை ஃபோலிக்கே போட்டுக் காட்டினார்கள். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். இவ்வளவு அடியையும் தாங்கிய மனிதர் அந்தத் திரைக்கு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று அதே இருவரும், ராக்கும் ஃபோலியும், ஒரு மேடைப் பகுதி செய்தார்கள். ராக்கின் பழைய ஆசிரியர், பழைய காதலி என்று ஆளாளாக ஃபோலி அழைத்து வர, ராக் ஒவ்வொருவரையும் விரட்டிவிடுவார். நாற்காலி அடி இல்லை, ரத்தம் இல்லை. காலுறையைக் கையில் மாட்டிப் பொம்மையாக்கிய ஃபோலியின் குறும்பும் பேச்சும்தான். அதற்கு 8.4 தொலைக்காட்சிப் பார்வையாளர் ரேட்டிங் வந்தது. ரா என்ற அந்த வாராந்தர நிகழ்ச்சியின் வரலாற்றில் மிக அதிகம் பேர் பார்த்த பகுதிகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். பதினொரு அடிக்கு வராத கூட்டம் ஒரு காலுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜனவரி 4 அன்று அவர் முதன்முறை சாம்பியன் ஆகப்போகிறார் என்பதை எதிரி நிறுவனத்தின் அறிவிப்பாளர் முன்கூட்டியே உடைத்து ஏளனம் செய்தபோதும், லட்சக்கணக்கானவர்கள் சேனலை மாற்றிக்கொண்டு வந்து அவர் ஜெயிப்பதைப் பார்த்தார்கள். அவர் விழுவதைப் பார்க்க வந்தவர்கள் இல்லை அவர்கள். தன் வாழ்க்கைக் கதையை வேறு எழுத்தாளர் துணையில்லாமல் தன் கையாலேயே எழுதினார். அது நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவர் மேலே வந்தது எதனால் என்று என்னைக் கேட்டால், நான் இவற்றைத்தான் காட்டுவேன். உனக்கும் பேச்சு வரும். பள்ளி ஆண்டுவிழாவில் நீ மைக்கைப் பிடித்தால் பின்வரிசை வரை சத்தம் அடங்கிவிடும். அதை எடுத்துக்கொண்டு அந்த ரிங்குக்குள் போ.

2000இல் ஓய்வு என்று அறிவித்தார். பலமுறை திரும்பவும் வந்தார். 2012இல் களம் இறங்க மருத்துவர்கள் அனுமதிக்கவில்லை. இடுப்பு மூட்டை மாற்ற வேண்டியதாயிற்று. தலையில் நாற்காலியால் அடிப்பதை அந்த மக்மஹோனின் நிறுவனமே 2010இல் தடை செய்துவிட்டது. கோடி கோடியாகப் பணமும் பக்கத்திலேயே மருத்துவர்களும் வைத்திருக்கிற நிறுவனம் வேண்டாம் என்று விட்டதை, ஆம்புலன்ஸ்கூட நிற்காத ஒரு சமூகக்கூடத்தில் நீ செய்யத்தான் வேண்டுமா?

இன்னொன்று, இது நர்ஸ் பேசுவது. ரத்தம் வரவழைக்கச் சிலர் மணிக்கட்டு டேப்பில் பிளேடு துண்டை மறைத்து வைப்பார்கள் என்றாய். ஒருவர் ரத்தம் பட்ட பிளேடு இன்னொருவர் மேல் பட்டு ஹெபடைடிஸ் சி தொற்றிய வழக்கில், கனடாவின் ஒன்டாரியோ நீதிமன்றம் 2014இல் இருபது லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு கொடுக்கச் சொல்லியிருக்கிறது. தொற்று வந்தவருக்கு அதோடு பெரிய மேடை வாய்ப்பும் போயிற்று. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்கு இல்லை. டியூப்லைட் உடைந்தால் வரும் கண்ணாடிப் பொடி காயத்துக்குள் போய்விட்டால் எடுப்பதற்குள் படுகிற பாடு உனக்குத் தெரியாது. உள்ளே பாதரசமும் இருக்கிறது.

முடிவு உன்னுடையது. முப்பது தாண்டிய பிள்ளையை நான் கட்டிப்போட முடியாது. ஆனால் சம்மதம் சொல்வதற்கு முன் அந்த ஒப்பந்தத் தாளை எனக்குப் படம் எடுத்து அனுப்பு. காயம் பட்டால் செலவு யாருடையது, அரங்கில் மருத்துவர் இருப்பாரா, உன்னோடு மோதுகிறவர் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறாரா என்று அவர்களிடம் கேட்டு எழுது. உன் அலுவலக மருத்துவக் காப்பீடு இதற்குச் செல்லுமா என்பதையும் விசாரி. தலைக்கு அடி கிடையாது, கைக்கு விலங்கு கிடையாது என்று அவர்கள் எழுத்தில் கொடுக்காவிட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடு. சாதாரணப் போட்டி ஒன்று கொடுங்கள், மைக்கையும் கொடுங்கள் என்று கேள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டாய் என்று நினைவிருக்கிறதா? இல்லையென்றால் நவம்பரில் என்ன முடிவெடுத்தாலும் இந்த வாரமே போய்ப் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் நேரம் காலை ஏழு மணிக்குக் கூப்பிடு. அப்பாவும் பேச வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா