‘ஹெல்சாபாப்பின்’ பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய ஹாலிவுட் படங்களைத் தேடிப்பிடித்துப் பார்த்து, பார்த்ததைப் பற்றி நாலு வரி எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். 1941-இல் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த ‘ஹெல்சாபாப்பின்’ என்ற நகைச்சுவைப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் விடாமல் படிப்பவன் நான். அதிகம் பேசப்படாத படம் அது. பேசுகிறவர்களில் பலரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறீர்கள்: “நடுவில் வரும் அந்த லிண்டி ஹாப் நடனத்தை மட்டும் பாருங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.” இந்த ஆலோசனையை இனிமேல் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

லிண்டி ஹாப் என்பது ஹார்லெமின் கறுப்பின மக்கள் ஸ்விங் ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடிய வேகமான ஆட்டம். படத்தில் வரும் அந்த நடனத்தின் மேல் எனக்கும் அளவில்லாத பிரியம் உண்டு. ஸ்லிம் கெயில்லார்ட் பியானோவில் உட்கார, ஸ்லாம் ஸ்டூவர்ட் பெரிய பேஸ் வயலினை எடுக்க, ரெக்ஸ் ஸ்டூவர்ட்டின் கார்னெட் என்ற ஊதுகருவி வந்து சேர, விளையாட்டாகத் தொடங்கும் வாசிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறுகிறது. அப்புறம் நான்கு ஜோடிகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒருவர் மற்றவரைத் தலைக்கு மேலே தூக்கி வீசுகிறார், முதுகின் மேல் உருட்டுகிறார், கால் தரையைத் தொட்ட அடுத்த தட்டிலேயே ஆட்டம் தொடர்கிறது. படத்தை வேகமாக ஓட்டியிருப்பார்களோ என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். நியூயார்க்கின் ஹார்லெமில், லெனாக்ஸ் அவென்யூவில் 1926-இல் திறந்த சவோய் பால்ரூம் என்ற நடனக்கூடத்தில் வளர்ந்த ஆட்டக்காரர்கள் இவர்கள். சிக் வெப்பின் ஜாஸ் குழு வாசிப்புக்கு இரவு இரவாக ஆடிப் பழகிய கால்கள். இந்த ஆட்டத்தை அமைத்த பிராங்கி மேனிங், 1935-இல் அதே சவோயில் நடந்த ஒரு போட்டியில் தன் ஜோடி ஃப்ரீடா வாஷிங்டனை முதுகின் மேலாகப் புரட்டி இறக்கியவர். லிண்டி ஹாப்பில் ஆளைக் காற்றில் ஏற்றும் அடவுகள் அங்கிருந்துதான் பரவின. படம் எடுத்தபோது அவருக்கு 27 வயது.

இப்படிப்பட்டவர்களுக்குப் படம் கொடுத்த வேடம் என்ன? பணக்கார வீட்டு வேலையாட்கள். பணிப்பெண் உடை, சமையல்காரர் உடை, தொழிலாளியின் முழுக்கால் உடை. ஆடி முடித்ததும் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை. அந்தக் காட்சியை அப்படியே வெட்டி எடுத்தாலும் கதையில் ஒரு இழைகூட அறுந்துபோகாது. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டையும் ஆட்டத்தையும் இப்படித் தனித் துண்டாகத்தான் வைப்பார்கள். நிறவெறி சட்டமாக இருந்த தென் மாநிலங்களில் தணிக்கைக்காரர்களும் தியேட்டர்காரர்களும் வேண்டாம் என்றால் கத்தரித்துக்கொள்ள வசதி. எம்.ஜி.எம். நிறுவனப் படங்களில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் பாடிய காட்சிகளுக்கு இது நடந்தது. மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைக் குழுவுக்குத் தலைவராக இருந்த லாயிட் பின்ஃபோர்ட் இந்த வெட்டுக்குப் பேர்போனவர்.

இப்போது உங்கள் ஆலோசனையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் நடனத்தை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தை ஓட்டினார்கள். நாம் படத்தை எறிந்துவிட்டு நடனத்தை வைத்துக்கொள்கிறோம். நம் நோக்கம் அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் வெட்டு விழுகிற இடம் அதே இடம். துண்டுக் காட்சியாகப் பார்க்கிறவருக்கு மகிழ்ச்சியாக ஆடும் எட்டுப் பேர் தெரிகிறார்கள். முழுப் படத்தையும் பார்க்கிறவருக்குத்தான், படத்திலேயே அதிகத் திறமை கொண்ட எட்டுப் பேரை அந்த வீட்டின் வேலைக்காரர்களாக நிறுத்தி, ஆடவிட்டு, உடனே வழியனுப்பிவிட்டார்கள் என்பது உறைக்கும். எனக்கு முழுதாகப் பார்த்தபோதுதான் உறைத்தது. நடனம் முடிந்ததும் கதை மறுபடி காதலர்களிடம் போகிறதே, அந்த நொடியில் வரும் கோபம் துண்டில் கிடைக்காது.

சரி, மீதிப் படம் அவ்வளவு மோசமா? இங்கேதான் உங்களில் பலரோடு எனக்குச் சண்டை. “தலையும் இல்லை, வாலும் இல்லை” என்கிறீர்கள். இது ஓலி ஓல்சன், சிக் ஜான்சன் என்ற நகைச்சுவை நடிகர்கள் இருவரும் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் நடத்திய கூத்திலிருந்து வந்த படம். 1938 செப்டம்பரில் தொடங்கிய அந்த மேடை நிகழ்ச்சி 1,404 காட்சிகள் ஓடியது. அதற்குக் கதையே கிடையாது. ஹாலிவுட்டுக்கு வந்ததும் காதல் கதை இல்லாமல் படமா என்று கேட்டு ஒன்றை ஒட்டவைத்தார்கள். படத்தின் அழகே, அப்படி ஒட்டவைத்ததைப் படத்துக்குள்ளேயே போட்டு உடைப்பதுதான். நரகத்தில் பிசாசுகள் ஆடிக்கொண்டிருக்கும் தொடக்கக் காட்சி சட்டென்று ஒரு படப்பிடிப்புத் தளமாகிறது. இயக்குநராக நடிப்பவர் வந்து, கதை வேண்டும், காதல் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். ஆகவே “காதல் பகுதி சவசவ என்று இருக்கிறது” என்று எழுதும் நண்பரே, நீங்கள் ஓல்சன், ஜான்சன் கட்சி. அந்தப் பகுதி இழுவைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். காதலர்களாக வரும் ராபர்ட் பேஜும் ஜேன் ஃப்ரேஸியும் உருகிப் பாடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஸ்டிங்கி மில்லர் என்ற பையன் உடனே வீட்டுக்குப் போகவேண்டும் என்று திரையில் அறிவிப்பு வருகிறது. மறுபடி வருகிறது. கடைசியில் காதலர்களே பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் போகச் சொல்கிறார்கள். தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் நிழல் எழுந்து திரைக்குக் குறுக்கே நடந்து போகிறது. காதல் பாட்டை ரசிகன் எப்படிக் கேட்கிறான் என்பதை இதைவிடப் பொருத்தமாக எப்படிக் காட்டுவது?

இன்னும் உண்டு. தியேட்டர் ஆபரேட்டராக வரும் ஷெம்ப் ஹோவர்ட் படத்தைச் சரியாக ஓட்டாததால், திரையில் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் நடிகர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ‘சிட்டிசன் கேன்’ வெளிவந்த அதே ஆண்டில், அதன் முடிவில் எரிகிற ‘ரோஸ்பட்’ சறுக்குவண்டி இந்தப் படத்தின் ஒரு மூலையில் கிடக்கிறது. இதை எரித்துவிட்டார்கள் என்றல்லவா நினைத்தேன் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போகிறார். மார்த்தா ரே ‘வாட்ச் த பர்டி’ பாடுவதை ஒரு வரியிலாவது யாராவது பாராட்டக்கூடாதா? தொண்டையும் உடம்பும் ஒரே நேரத்தில் சிரிப்பு மூட்டும் நடிகைகள் எத்தனை பேர்? மிஷா ஆவருக்குக் கொடுத்த வேடமோ இன்னும் வேடிக்கை. கதைப்படி அவர் நிஜமான ரஷ்யப் பிரபு, ஆனால் போலிப் பிரபு போல நடிக்கிறார்.

இந்தப் படத்துக்கு ஒழுங்கான கவனிப்பு என்றைக்கும் கிடைத்ததில்லை. ஆஸ்கர் சிறந்த பாடல் பரிந்துரையில் ‘பிக் ஃபுட் பீட்’ என்ற பாடலுக்கு எதிரே இந்தப் படத்தின் பெயர் இருக்கிறது. அந்தப் பாட்டு இந்தப் படத்தில் இல்லவே இல்லை, ‘கீப் எம் ஃபிளையிங்’ படத்தில் இருப்பது. பெயர்கள் விஷயத்தில் அவ்வளவு அசட்டை. நடனக் கலைஞர்களுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. அவர்கள் வைட்டிஸ் லிண்டி ஹாப்பர்ஸ் என்ற புகழ்பெற்ற குழுவினர். படத்தின் டைட்டிலில் அந்தப் பெயர்கூட இல்லை, ‘ஹார்லெம் காங்கரூ டான்சர்ஸ்’ என்று மொத்தமாக ஒரு பட்டம் மட்டும் போட்டார்கள். போர் வந்தது, ஸ்விங் இசையின் காலம் போனது. மேனிங் 1950-களின் நடுவில் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்து, முப்பது ஆண்டு அங்கேயே இருந்தார். 1980-களில் இளைஞர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்து ஆட்டம் கற்றுக்கொடுக்கச் சொன்ன பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 2009-இல், 95 வயதை எட்ட ஒரு மாதமே இருந்தபோது காலமானார். அதே காட்சியில் ஆடிய நார்மா மில்லர் 2019 வரை, 99 வயதுவரை வாழ்ந்தார். இத்தனைக்குப் பிறகும் நம் கருத்துகளில் “அந்தக் கறுப்பின ஆட்டக்காரர்கள்” என்று மட்டும் எழுதுவது எனக்கு வலிக்கிறது.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். படத்தின் நீளம் 84 நிமிடம். முழுதாகப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று தாராளமாக எழுதுங்கள். நடனத்தைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் ஆடியவர்களின் பெயரோடு எழுதுங்கள். வெட்டி ஒட்ட வசதியாக, அவர்கள் திரையில் வரும் வரிசையிலேயே ஜோடி ஜோடியாகக் கீழே தருகிறேன்:

வில்லியம் டவுன்ஸ், பிரான்சிஸ் ‘மிக்கி’ ஜோன்ஸ். பில்லி ரிக்கர், நார்மா மில்லர். ஆல் மின்ஸ், வில்லா மே ரிக்கர். பிராங்கி மேனிங், ஆன் ஜான்சன்.

அன்புடன்,
உங்களைப் போல இன்னொரு ரசிகன்