வங்காளிகளின் ஜாத்ராவும் பூங்கா விழாவும்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

லண்டன்,
ஜூன் மாதக் கடைசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். சித்தியின் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கோடை வந்துவிட்டதால் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. இந்த மாதங்களில்தான் பேட்டைக்குப் பேட்டை, பூங்காவில், பல நாட்டு மக்களும் சேர்ந்து விழா எடுக்கிறார்கள். அதில் வங்காளிகள் பாட்டும் ஆட்டமும் ஜாத்ரா என்ற நாட்டுப்புற நாடகமும் எப்படிப் போடுகிறார்கள், வெட்டவெளியில் தோல் வாத்தியம் எப்படித் தாங்குகிறது, விடிய விடிய ஆடுவதை அரை மணியில் எப்படி அடக்குகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கேட்பவர் கூத்து வாத்தியார் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கிழக்கு லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ் என்று ஒரு நகராட்சி. 2021 குடிக்கணக்குப்படி அங்கே மூன்றில் ஒருவருக்கு மேல் வங்கதேச வம்சாவளி. அவர்களில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் வங்கதேசத்தின் வடகிழக்கில் உள்ள சில்ஹெட் பக்கம். வங்கதேசத்தில் ஏப்ரல் 14-ஆம் தேதி வருஷப் பிறப்பு. நம் சித்திரை முதல் நாளும் பெரும்பாலும் அதுதான். ஆனால் ஏப்ரலில் இந்த ஊர் வானத்தை நம்பிப் பந்தல் போட முடியாது. அதனால் வருஷப் பிறப்பு மேளாவைக் கோடைக்குத் தள்ளி வைக்கிறார்கள். பல இன விழாவில் ஆடுவதும் அதே குழுக்கள்தான்.

தொடக்கம் ஊர்வலம். டாக்கா பல்கலைக்கழக நுண்கலை மாணவர்கள் 1989-இல் ஆரம்பித்த புத்தாண்டு ஊர்வலம் இதற்கு முன்மாதிரி. 2016-இல் அது யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. ஆந்தை, புலி, மீன், ராஜா ராணி முகம் என்று ஆள் உயரத்துக்கு உருவங்கள். மூங்கில் குச்சியில் கூடு கட்டி, செய்தித்தாளை மாவுப் பசையில் நனைத்து நான்கைந்து அடுக்கு ஒட்டுகிறார்கள். ஒரு அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தின் மேலேயே ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், தூக்கும்போது உருவம் தொங்கிவிடும். சாயத்துக்கு மேல் ஒரு கை வார்னிஷ் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் முதல் தூறலிலேயே புலியின் கோடெல்லாம் தூக்குகிறவர் சட்டையில் இறங்கிவிடும். ஒரு ஆந்தைக்கு மூன்று பேர்: நடுக்கழிக்கு ஒருவர், இரண்டு பக்கமும் கயிறு பிடிக்க இருவர். சிறகு இடுக்கிலும் கண்ணிலும் ஓட்டை விட்டால்தான் காற்று ஊடுருவிப் போகும். அடைத்துவிட்டால் பாய்மரமாக இழுத்துக்கொண்டு ஓடும்.

மேடையில் எதை எப்போது வைப்பது என்பதில்தான் பாதி விழா கெடுகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் 20 நிமிஷம், குழு மாற 5 நிமிஷம் என்று அட்டவணை போடுவார்கள். ஆறேழு வாத்தியம் உள்ள குழுவுக்கு அந்த 5 நிமிஷம் மைக் வைக்கக்கூடப் போதாது. நன்றாக நடத்துகிறவர்கள் எந்த வாத்தியம், எங்கே உட்காருவது, யாருக்கு எந்த மைக் என்று ஒரு தாளில் படம் வரைந்து ஒரு வாரம் முன்பே ஒலிக்காரர் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

பாவுல் என்ற நாடோடி ஞானப் பாடகர்களின் பாட்டு முன்பாதியில் வரவேண்டும். முரசு கேட்ட காதுக்கு அவர்களுடைய ஏக்தாரா என்ற வாத்தியம் எட்டாது. சுரைக்குடுக்கையின் அடியில் தோல், அதிலிருந்து மேலே போகும் ஒற்றைத் தந்தி, அதன் இரு பக்கமும் பிளந்த மூங்கில் கை. மூங்கிலை அழுத்தினால் தந்தி தளர்ந்து சுரம் இறங்கும். பாடுகிறவர் வலக்கையில் இதைக் காதோரம் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கட்டிய டுகி என்ற சின்ன மண்முரசை இடக்கையால் தட்டுவார், காலில் சதங்கை. மூன்றையும் ஒரே ஆள் செய்கிறார், அதோடு சுழன்றும் ஆடுகிறார். நின்ற மைக் வைத்தால் சுற்றும்போதெல்லாம் குரல் போய்ப் போய் வரும். கன்னத்தோடு ஒட்டும் மைக் நல்லது. வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, தலைப்பாகைத் துணி உரசாமல் ஒட்ட வேண்டும். ஏக்தாராவுக்குத் தனி மைக் வேண்டாம், குரல் மைக்கிலேயே வந்துவிடும். கமக் என்ற வாத்தியம் வேறு மாதிரி. ஒரு பக்கம் தோல் கட்டிய குழல், தோலிலிருந்து வரும் நரம்பை இடக்கை இழுத்துப் பிடிக்க, வலக்கை மீட்டும். இழுப்பைப் பொறுத்துக் குரல் ஏறி இறங்கும். அதற்குத் திறந்த வாய்ப் பக்கம் மைக் வைத்தால் கை உரசல்தான் கேட்கும். தோல் பக்கம் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

பாட்டு என்று எடுத்தால் வங்கதேசத்துக் குஷ்தியாவில் வாழ்ந்து 1890-இல் காலமான பாவுல் ஞானி லாலன் ஃபக்கீர் எல்லோருக்கும் பொது. ஆனால் இந்த ஊர்க் கூட்டம் கேட்டு வாங்குவது தங்கள் மண்ணின் ஆட்களை: ஹாசன் ராஜா (1854–1922), ஷா அப்துல் கரீம் (1916–2009). இருவரும் சில்ஹெட் வட்டாரத்துச் சுனாம்கஞ்ச்காரர்கள். கரீமின் பாட்டு தொடங்கியதும் பின்வரிசைப் பெரியவர்கள் நாற்காலியை முன்னே இழுத்துப் போடுவார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் சினிமாப் பாட்டை நிரப்பும் குழுக்கள் மேல் எனக்கு வருத்தம்தான்.

தோல் விஷயம். வெயில் பத்து நிமிஷம், மேகம் பத்து நிமிஷம் என்பது இங்கத்திய நாள். வெயிலில் ஆட்டுத்தோல் இறுகித் தபலா சுருதி ஏறும், மேகம் வந்தால் இறங்கும்; ஹார்மோனியமோ அசையாது. அதனால் முறை வரும்வரை தபலாவைத் துணி போர்த்தி நிழலில் வைக்கிறார்கள், மேடையில் அமர்ந்த பின்புதான் கடைசிச் சுருதி. தோல் ஈரத்தில் தளர்ந்துவிட்டால் பூங்காவில் தீ மூட்டிக் காய்ச்ச அனுமதி இல்லை. முடி உலர்த்தும் கருவியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். நடுவில் உள்ள கரும்பசையில் சூடு பட்டால் வெடித்துவிடும். கீர்த்தனைக்கு வாசிக்கும் ஸ்ரீகோல் சுட்ட மண்ணால் ஆன மத்தளம். வலப்பக்கத் தோல்முகம் உள்ளங்கை அளவு, இடப்பக்கத்தது அதைவிடப் பெரிது. விமானச் சரக்கில் போட்டால் உடைவது சகஜம் என்பதால் பலர் கண்ணாடி இழை உடம்புள்ளதை வைத்திருக்கிறார்கள். நாதம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும். மண்ணின் ஆழம் வராது. ஹார்மோனியத்துக்கு மைக்கைத் துருத்திக்குப் பின்னால் வைத்தால் காற்றுச் சத்தம்தான். கட்டைகளுக்கு மேலே, ஒரு முழம் உயரத்தில், பக்கவாட்டில் வைப்பது சரி.

தாமாயில் என்பது சில்ஹெட் பெண்கள் கல்யாண வீட்டில் ஆடுவது. வட்டமாக நின்று, குனிந்து உள்ளே ஒரு கைதட்டு, நிமிர்ந்து ஒரு கைதட்டு, பக்கவாட்டில் ஓர் அடி. ஒருத்தி பாட்டின் அடியை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இதற்கான பாட்டுகள் பல, 1915-இல் காலமான ராதாரமண் தத்தாவின் பெயரில் வழங்குபவை. மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டும், அதற்குக் குறைந்தது 8 நிமிஷமாவது தேவை. 3 நிமிஷத்தில் முடி என்றால் முதலிலேயே ஓட வேண்டியிருக்கிறது, ஆட்டத்தின் உயிரே போய்விடுகிறது. இடக்கணக்கும் உண்டு. 12 பேர், ஆளுக்கு முக்கால் மீட்டர் என்றால் வட்டத்தின் குறுக்களவு கிட்டத்தட்ட 3 மீட்டர். வெளியே வீசும் கைக்கும் புடவைக்கும் சுற்றிலும் ஒரு மீட்டர் விட்டால் 5 மீட்டர். 4 மீட்டர் ஆழமுள்ள மேடையில் வட்டம் முட்டை வடிவமாகி, பின்வரிசைக்காரி திரைச்சீலையில் இடிப்பாள். மேடைக்கு முன்னால் புல்தரையில் ஆடவிடுவதே சரி. பார்க்கிறவர்கள் சுற்றி நிற்கலாம், கடைசிப் பாட்டுக்குக் கென்யாக்காரியும் போலந்துக்காரியும் வட்டத்தில் சேரலாம். மைக் பாட்டின் அடி எடுப்பவளுக்கு மட்டும் போதும்.

ரவீந்திர நிருத்தியம், அதாவது தாகூர் பாட்டுக்கான ஆட்டம், பெரும்பாலும் பிள்ளைகள் ஆடுவது. பதிவுப் பாட்டுக்கு ஆடுவதால் சிக்கல் குறைவு. பாட்டைப் போனில் மட்டும் வைத்திருந்தால் நடுவில் அழைப்பு வந்து கெடும். இரண்டு பென்டிரைவில், வரிசை எண் போட்டு வைக்கிறார்கள். காலுக்கு இடும் ஆல்தா என்ற சிவப்புச் சாயம் முழுக்கக் காயும்முன் மேடை ஏறினால் பலகை வழுக்கும்.

இனி ஜாத்ரா. உங்களுக்கு வேண்டியது இதுதான். வங்காளத்து ஊர்களில் அதன் களம் தாழ்வான சதுர மேடை, சுற்றிலும் ஜனம், ஒப்பனை அறையிலிருந்து மேடைக்கு ஒரு நடைபாதை. மேடையின் இரண்டு பக்கமும் வாத்தியக்காரர்கள்: ஹார்மோனியம், டோலக், கிளாரினெட், கார்னெட், குழல், ஜால்ரா. திரை கிடையாது. இங்கே விழா மேடையோ மூன்று பக்கம் துணி அடைத்து, நாலடி உயரத்தில் நிற்கும். அதில் ஏற்றினால் நடிகர்கள் வரிசையாக நின்று ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடும். வாடகைக்கு வரும் மேடைப் பலகைகள் 8 அடிக்கு 4 அடி. எட்டு பலகை கேட்டு வாங்கிச் சேர்த்தால் 16 அடிச் சதுரம், ஜாத்ராவுக்கு அது போதும். பலகையின் கால்கள் ஓர் அடி உயரமுள்ளதாகக் கேட்க வேண்டும். சுற்றிலும் நான்கைந்து அடி இடைவெளி விட்டுப் பாய் விரிக்கிறார்கள்; இல்லாவிட்டால் தகர வாள் வீச்சு குழந்தைகள் தலைக்கு மேல்தான். பலகைகளை இணைக்கும் கொக்கி சரியாக மாட்டாவிட்டால் வாட்சண்டையில் இடைவெளி திறந்து கால் சிக்கும். ஏறி மிதித்துப் பார்க்காமல் விடக்கூடாது.

நான்கு மூலையிலும் கம்பம் நட்டு மேலே குறுக்கே கட்டி மைக்குகளைத் தொங்கவிடுவது ஊர் வழக்கம். ஒலிபெருக்கிகள் மைக்குகளுக்கு வெளியே, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மேடையைப் பார்த்துத் திருப்பினால் கீச்சிடும். நடிகர் ஒரு பக்கமே பார்த்துப் பேசக்கூடாது. நீண்ட வசனத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து நான்கு பக்கமும் கொடுப்பார்கள். மேடை நாடகத்தில் பழகிய இளைஞர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

அரை மணிக்கு அடக்குவதற்கு ரூப்பான் கதை வசதி. பன்னிரண்டு நாள் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கட்டிவைத்துப் பன்னிரண்டு வருஷம் காட்டுக்கு அனுப்பும் கதை. முதலில் வாத்திய முழக்கம் 4 நிமிஷம். ஊரில் இது வெகுநேரம் நடக்கும், ஜனம் கூடுவதற்காக. இதை அடியோடு வெட்டினால் முதல் காட்சியை யாரும் பார்க்க மாட்டார்கள். பிறகு அரண்மனைக் காட்சி, காட்டுக்குப் போகும் பாட்டு, காட்டில் ஒரே ஒரு ஆபத்து, கடைசியில் அடையாளம் காணுதல். பாட்டை வைத்துக்கொண்டு வசனத்தைக் குறைப்பதே நல்லது. மொழி தெரியாதவர்களும் பாட்டோடு வருவார்கள். ஆங்கிலத்தில் கதைச் சுருக்கம் ஆரம்பத்தில் ஒரு தடவை சொன்னால் போதும், நடுநடுவே அறிவிப்பாளர் நுழைந்தால் சூடு ஆறிவிடும்.

எதை வெட்டினாலும் விவேக் என்ற பாத்திரத்தை வெட்டக்கூடாது. அவர் நம் கூத்தின் கட்டியங்காரன் போலச் சிரிப்பு மூட்ட வருகிறவர் இல்லை. தப்புச் செய்யப் போகிறவனின் மனசாட்சி மாதிரித் திடீரென்று நடைபாதையில் பாடிக்கொண்டே வருவார். மேடையில் எல்லோரும் அப்படியே நிற்க, பாடி முடித்து வந்த வழியே போய்விடுவார். அந்த நடைபாதை முழுக்கக் கூட்டம் பார்க்கும்படி இருக்க வேண்டும். நேரம் போதவில்லை என்று இந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்ட ஜாத்ரா வெறும் ராஜா ராணி நாடகமாகத்தான் நிற்கிறது.

முடிவில் டாக். துர்கா பூஜைக்குரிய பெரிய மரமுரசு, தோளில் தொங்கும், உச்சியில் வெள்ளைச் சிறகு. ஒரு முகத்தில் மட்டும் இரண்டு மெல்லிய குச்சியால் அடிப்பார்கள், கூடவே வெண்கலத் தட்டு. மைக்கே வேண்டாம், மேடை மைக்குகள் திறந்திருந்தால் இதன் சத்தம் எல்லாவற்றிலும் புகுந்துவிடும், ஒலிக்காரர் அவற்றை மூடிவிட வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளுக்காக நகராட்சி ஒலி அளவுக்கும் முடிக்கும் நேரத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறது, அதனால் டாக் நேரத்தை முன்பே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

உங்கள் குழுவை இங்கே அழைக்கும் பேச்சு வந்தால், மேடை வேண்டாம், புல்தரையில் 16 அடிச் சதுரம் வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். மிருதங்கம் இரண்டு, முகவீணைக்குச் சீவாளி கூடுதலாக. கிரீடம், புஜகீர்த்திக்குப் பலகைப் பெட்டி செய்து உள்ளே துணி அடைத்து அனுப்புங்கள். எத்தனை பேர், எத்தனை பெட்டி என்று எழுதினால் மற்றதை நான் விசாரிக்கிறேன்.

சித்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்